அவள் ஏன் வீட்டைவிட்டுப் போகவில்லை?

பழைய காலத்தில் நடக்கும் காதல் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வருகிற இளையவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. ரயில் இருந்தது, காதலன் காத்திருந்தான், கதவும் திறந்துதான் கிடந்தது. பிறகு என்ன தடுத்தது? திரைக்கதை எழுதுகிறவர்கள் இதற்குக் கைவசம் வைத்திருக்கும் விடைகள் தேய்ந்து போனவை: அப்பாவின் கோபம், அம்மாவின் கண்ணீர், குடும்ப மானம், ஊர் வாய். அவை பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காங்கேயத்திலோ தாராபுரத்திலோ பல்லடத்திலோ 1930களிலும் 1940களிலும் நடக்கிற கதை என்றால், விடையைத் தேட வேண்டிய முதல் இடம் நிலம். அடுத்தது சட்டப் புத்தகம். மானம் அதற்குப் பிறகுதான் வருகிறது. பல நேரங்களில் அது முதல் இரண்டுக்கும் போர்த்திய சால்வையாகவே வருகிறது.

ஆகவே இத்தகைய படத்தை எடைபோடும்போது நான் முதலில் கேட்பது, கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதைத்தான். சுவரில் தொங்கும் காலண்டருக்காகவும் வாசலில் நிற்கும் காருக்காகவும் கலை இயக்குநர்கள் ஆண்டைக் கவனிக்கிறார்கள். கதாநாயகியின் நிலைமைக்காக அதைக் கவனிப்பவர்கள் குறைவு. ஐந்து ஆண்டுகள் முன்னே பின்னே நகர்த்தினால்கூட, அதே பெண்ணுக்குத் திறந்திருக்கும் கதவுகள் மாறிவிடுகின்றன.

பட்டாவில் இல்லாத பெயர்

கோபிச்செட்டிபாளையத்தைச் சுற்றியே படமெடுத்ததால், கொங்கு நாடு என்றால் நெல்வயலும் வாய்க்கால் கரையும் என்ற எண்ணம் தமிழ்நாடு முழுக்கப் பதிந்துவிட்டது. கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் பகுதி அது. கொங்கின் பெரும்பகுதி அப்படி இருந்ததில்லை. கீழ்பவானித் திட்டம் 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த பிறகுதான் பல ஊர்கள் வாய்க்கால் தண்ணீரைக் கண்டன. அதற்கு முன் மழையை நம்பிய காடும், கிணற்றை நம்பிய தோட்டமும்தான். காங்கேயம் பக்கம் போனால் கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், அதில் மேயும் மாடு. இந்த வறண்ட வெளியில்தான் பெரும்பாலான கொங்குப் பெண்கள் வாழ்ந்தார்கள். கேமராவுக்குப் பச்சை பிடிக்கும் என்பதற்காகக் கதையை வாய்க்கால் கரைக்கு மாற்றினால், கதையின் நெருக்கடியே கரைந்துபோகிறது.

தோட்டம் என்றால் கிணறு. கிணறு என்றால் எருது பூட்டி நீர் இறைக்கும் கவலை. சரிவுப் பாதையில் எருதுகள் இறங்க, வடக்கயிறு இழுபட, சால் நிறையத் தண்ணீர் மேலே வந்து கவிழும். எருதுகள் பின்வாங்கி ஏறினால் சால் மறுபடியும் கிணற்றுக்குள் இறங்கும். விடியலுக்கு முன்பே தொடங்கும் வேலை. எருதுகளை ஓட்டுகிறவன் ஆண். ஓடிவரும் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மடை திருப்பி விடுவது பெரும்பாலும் பெண். சாணி வழிப்பது, பால் பீய்ச்சுவது, பருத்தி எடுப்பது, களை வெட்டுவது, தவிடும் புண்ணாக்கும் கரைத்து வைப்பது எல்லாம் அவள் கை. எந்த மாடு எப்போது சினைப்பட்டது, எந்த வயல் மூலையில் உவர் தட்டுகிறது என்பது அவளுக்குத் தெரியும். பட்டாவில் மட்டும் அவள் பெயர் இருக்காது.

மகளுக்கு நிலம் தருவதில்லை, சீர் தருவார்கள். நகை, பாத்திரம், வசதியிருந்தால் கறவை மாடு. கொங்குத் திருமணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் சகோதரிக்கு அதில் முதன்மையான இடம். அந்தச் சீர் இல்லாமல் கல்யாணம் முழுமையாகாது. அருமைக்காரர் நின்று நடத்தும் சடங்குகளில் பிறந்த வீட்டுப் பெண்ணுக்கு இத்தனை மரியாதை வைத்திருக்கும் சமூகம், பாகம் பிரிக்கிற அன்று அவளைக் கூப்பிடுவதே இல்லை. சடங்கில் இடம் உண்டு, பாகத்தில் கிடையாது.

முறை மாப்பிள்ளை என்ற ஏற்பாட்டையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். அத்தை மகனுக்கோ மாமனுக்கோ பெண்ணைக் கொடுத்தால் சீரும் உறவும் தெரிந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றும். கூடவே கூட்டம் என்ற குலப்பிரிவின் கணக்கு. கொங்கு வேளாளர்களிடையே ஒரே கூட்டத்தார் பங்காளிகள்; அவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் இல்லை. முன்பின் பார்த்திராத ஊர்க்காரனாக இருந்தாலும் கூட்டம் ஒன்றானால் அவன் அண்ணன் தம்பி முறை. ஆக, ஒரு பெண் காதலிக்க முடியாதவர்களின் பட்டியல் இரண்டு பக்கமும் நீளமானது: வேற்றுச் சாதியான் ஒருபுறம், சொந்தக் கூட்டத்தான் மறுபுறம். முதல் வகையைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. இரண்டாவது வகையைத் திரை ஏறக்குறையத் தொடவே இல்லை. வில்லன் என்று யாரையும் காட்ட முடியாத கதை அது, அதனால்தானோ என்னவோ.

பொன்னர் சங்கர் கதையை உடுக்கடிப் பாடகர்கள் இரவிரவாகப் பாடுகிற மண் இது. அந்தக் கதையில் காதல் என்று எதையும் தேடிப்பிடிக்க முடியாது. பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மாருக்கு மனைவியர் உண்டு, இல்லறம் இல்லை. கதையின் நாயகி என்று சொல்லத்தக்கவள் தங்கை தங்காள்தான். அண்ணன்மார் மாண்ட செய்தியோடு அவள் அந்த மனைவியரிடம் போகிறாள். எங்களைத் தீண்டியும் பாராத புருஷர்களுக்கு நாங்கள் எதற்குத் துக்கம் காக்க வேண்டும் என்கிற பொருளில் அவர்கள் மறுக்கிறார்கள். தங்காள் அரண்மனைக்குத் தீ வைக்கிறாள். வாய்மொழியில் புழங்கும் வடிவங்களில் வரும் இந்த இடத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். தாலியை வாங்கிக்கொண்டு வாழ்க்கையைப் பெறாத பெண்கள் ஒரே ஒரு முறை வாய் திறக்கிறார்கள். எரித்துவிடுகிறது பிறந்த வீட்டுப் பாசம். கொங்குப் பின்னணியில் ஒரு பெண்ணின் விடுதலையைப் படமாக்க நினைப்பவர் வெளிநாட்டு நாவல்களைப் புரட்டுவதற்கு முன்னால், அந்த மனைவியரின் பக்கத்திலிருந்து இந்தக் கதையைக் கேட்டுப் பார்க்கலாம்.

வெள்ளைச் சேலையும் நான்கு ஏக்கரும்

கைம்பெண்ணின் காதல் என்பது இந்த வகைப் படங்களுக்கு மிகப் பிடித்த கரு. கொங்கில் அதற்கு ஓர் அடையாளமும் தயாராக இருக்கிறது: ரவிக்கை இல்லாமல் உடுத்திய வெள்ளைச் சேலை. வெள்ளாளக் கவுண்டர் குடும்பங்களில் அண்மைக்காலம் வரை வயதான பெண்களை அந்தக் கோலத்தில் பார்க்க முடிந்தது. படங்களில் வெள்ளை மட்டும் வரும். உள்ளே அளவெடுத்துத் தைத்த ரவிக்கையும் இருக்கும். தணிக்கைக்குப் பயந்தா, நடிகையின் வசதிக்காகவா என்பது அவரவர் விஷயம். ஆனால் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அந்த உடை என்ன செய்தது என்பது பார்வையாளருக்குக் கடைசி வரை தெரியாமலே போகிறது.

உடையைவிட முக்கியமானது நிலக் கணக்கு. 1937க்கு முன் ஒரு பெண்ணின் கணவன் இறந்துவிட்டால், குடும்பம் பாகம் பிரியாததாக இருந்து, மகனும் இல்லை என்றால், அவன் பங்கு அண்ணன் தம்பிகளிடம் போய்ச் சேரும். அவளுக்குச் சோறு, துணி, ஒண்ட ஓர் இடம், அதாவது ஜீவனாம்சம். குடும்பம் பாகம் பிரிந்திருந்து, மகனும் இல்லை என்றால் நிலம் அவளிடம் வரும். வந்தாலும் ஆயுள் வரைக்கும் அனுபவிக்கலாம், இஷ்டம்போல் விற்கவோ எழுதி வைக்கவோ முடியாது. அவளுக்குப் பிறகு கணவன் வழி வாரிசுகளுக்கே திரும்பிவிடும். ஜீவனாம்சமோ அவள் ‘ஒழுக்கமாக’ இருக்கும் வரைக்கும்தான்.

இந்தக் கடைசி நிபந்தனையை ஊன்றிப் பார்க்க வேண்டும். கிணற்றடியில் அவள் யாரிடமோ சிரித்துப் பேசினாள் என்ற வம்புக்கு நீதிமன்றத்தில் மதிப்பு இருந்தது. அதை நிரூபித்தால் சோற்றை நிறுத்தலாம். கொழுந்தன் தொண்டை அடைக்கக் குடும்ப மானத்தைப் பற்றிப் பேசுகிற வசனத்துக்கு அடியில் நான்கு ஏக்கர் இருக்கும். இதைப் படத்தில் காட்ட ஒரே ஒரு வக்கீல் காட்சி போதும்.

சரி, ஊர் வாயைப் பொருட்படுத்தாமல் அவள் மறுமணம் செய்துகொண்டால்? 1856ஆம் ஆண்டின் கைம்பெண் மறுமணச் சட்டம் அதை அனுமதித்தது. அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மறுமணம் செய்துகொண்ட பெண் முதல் கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமைகளை, அவள் அப்போதே இறந்துபோனதைப் போலக் கருதி, இழந்துவிடுவாள் என்றது. பள்ளிப் பாடத்தில் இந்தச் சட்டத்தைச் சீர்திருத்தத்தின் வெற்றியாக மட்டும் படிக்கிறோம். நிலம் வைத்திருந்த குடும்பத்தின் பெண்ணுக்கு அது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன சட்டம்.

பிறகு 1937இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. கணவன் பங்கில் மகனுக்குச் சமமாக மனைவிக்கும் பாத்தியம் உண்டு என்றது, அதுவும் ஆயுள் பாத்தியம்தான். பெரிய மாற்றம் என்று தோன்றும். ஆனால் விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தது. மத்தியச் சட்டம் அதைத் தொட முடியாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துச் சொன்னது. கோயம்புத்தூரில் கடைவீதியில் கட்டடம் வைத்திருந்தவனின் மனைவிக்குப் பங்கு உண்டு. வெள்ளகோவிலில் தோட்டம் வைத்திருந்தவனின் மனைவிக்கு அந்தத் தோட்டத்தில் இல்லை. சென்னை மாகாணம் தனிச் சட்டம் போட்டு விவசாய நிலத்துக்கும் இந்த உரிமையை நீட்டியது 1947இல். நிலமே சொத்தாக இருந்த கொங்கு நாட்டில் இடைப்பட்ட பத்தாண்டில் கைம்பெண்ணான ஒருத்திக்கு டெல்லியின் சீர்திருத்தம் காகிதத்தோடு நின்றுவிட்டது.

இதெல்லாம் நிலம் வைத்திருந்த சாதிகளின் கதை. உழைப்பையே நம்பியிருந்த பல சாதிகளில் அறுத்துக் கட்டுவது, அதாவது மறுமணம், வழக்கத்தில் இருந்தது. ஒத்துவராத புருஷனைப் பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டு வேறொருவனோடு வாழ்வதும் நடந்தது. காப்பாற்ற வேண்டிய நிலம் இல்லாத இடத்தில் கற்பின் மீதான காவலும் தளர்ந்தே இருந்தது. அதற்காக அவர்கள் சுதந்திரமாக இருந்தார்கள் என்று எழுதிவிடக் கூடாது. பண்ணையத்தில் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்த அருந்ததியர் வீட்டுப் பெண்ணுக்கு, யாரைக் கட்டிக்கொள்வது என்பதைவிடப் பண்ணையாரின் கடன் எப்போது தீரும் என்பது பெரிய கேள்வி. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976இல்தான். கதாநாயகி முற்றத்தில் நின்று அழும்போது, பின்னணியில் மங்கலாகச் சாணி வழித்துக்கொண்டிருக்கும் இன்னொரு பெண்ணைக் கேமரா குவியப்படுத்துவதே இல்லை.

ஆலைச் சங்கு

ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் கோயம்புத்தூரில் நூற்பாலை தொடங்கினார். ஆனால் ஊரின் முகத்தை மாற்றியது 1932இல் வந்த பைக்காரா மின்சாரம். ஆலைகள் வரிசையாக முளைத்தன. பெண்களுக்கு நூல் சுற்றும் ரீலிங் போன்ற பிரிவுகளில் வேலை கிடைத்தது. 1934ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி காலை ஆறு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் பெண்களை வேலை வாங்கக் கூடாது. அதே ஆண்டு சென்னை மாகாணம் மகப்பேறு உதவிச் சட்டமும் கொண்டுவந்தது. கூலி ஆண்களைவிடக் குறைவு. மேஸ்திரியின் தொல்லை தனி. ஆனாலும் கையில் எண்ணித் தரப்படும் காசு தோட்டத்தில் இல்லாத ஒன்று. தோட்டத்தில் அவள் உழைப்பு குடும்பத்தின் வரவில் கலந்துவிடும்; ஆலைப் பதிவேட்டில் அவள் பெயரில் ஒரு பதிவு உண்டு. அந்தக் காசை வாசலிலேயே புருஷன் வாங்கிக்கொண்டாலும், எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியும்.

மின்சாரம் ஆலைக்கு மட்டும் வரவில்லை, கிணற்றுக்கும் வந்தது. கவலை ஓட்ட ஆளும் எருதும் வேண்டும். ஆண் துணை இல்லாத பெண் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மைத்துனர் தரும் கணக்கை நம்பித்தான் பிழைக்க வேண்டும். மோட்டாருக்கு ஒரு சுவிட்ச் போதும். பிந்திய காலத்தில் தனியாக நின்று தோட்டம் பார்த்த கைம்பெண்கள் கொங்கில் பெருகியதற்கு எந்தச் சீர்திருத்தச் சொற்பொழிவையும்விடப் பம்புசெட்டுக்கு அதிகப் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. பெண் விடுதலைப் படத்தில் ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்கு ஒரு நெருக்கக் காட்சி வைக்க எந்த இயக்குநருக்கும் துணிவு வரவில்லை.

ஆலையைப் பின்னணியாக வைப்பவர்கள் சின்னியம்பாளையம் தியாகிகளைத் தொடாமல் போக முடியாது. நான்கு தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களைத் தூக்குமேடை வரை கொண்டுபோன சம்பவங்களுக்குத் தொடக்கமாக ஒரு பெண் தொழிலாளிக்கு இழைக்கப்பட்ட கொடுமையைத் தொழிற்சங்கத்தார் சொல்வார்கள். அந்தப் பெண்ணின் பிற்கால வாழ்க்கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தூக்குமேடை ஏறியவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்க வேண்டியதுதான். ஆனால் கதை ஒரு பெண்ணிடம் தொடங்கி ஆண்களிடம் முடிந்துவிடுவது இங்கே பழகிப்போன ஒன்று. திருப்பூரில் 1932இல் கொடியோடு விழுந்த குமரனின் சிலையை எல்லோருக்கும் தெரியும்; அதன்பின் கைம்பெண்ணாக நெடுங்காலம் வாழ்ந்த அவருடைய மனைவி ராமாயியைப் பற்றித் தெரிந்தவர்கள் சிலரே. நாட்டு விடுதலையைப் பின்னணியாக வைத்தால் பெண் விடுதலை தானாக அதில் ஏறிக்கொள்ளும் என்று நினைக்கிற படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. ஊர்வலம் வரும், கதாநாயகி திண்ணையில் ஆரத்தித் தட்டோடு நிற்பாள்.

கொடுமுடி சுந்தராம்பாள்

கற்பனைக் கதாநாயகிகளைத் தேடும் முன் கொங்கு நாட்டிலேயே பிறந்த ஒருவரைப் பார்க்க வேண்டும். கே.பி. சுந்தராம்பாள் 1908இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்தார். ரயிலில் பாடிக்கொண்டு போன சிறுமியின் குரலைக் கேட்டு நாடகத்துக்கு அழைத்துச் சென்றார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. இலங்கை மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார். அந்த இரண்டு குரல்களும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு மேலே போவதைக் கேட்கவே கூட்டம் கூடியது. 1927இல் இருவருக்கும் திருமணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். அன்றைய இந்துச் சட்டத்தில் அது குற்றமில்லை. மணவாழ்வு அமைதியாக இருக்கவில்லை. முப்பதைத் தொடாத வயதில் 1933இல் கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து.

அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து. ஆண் நடிகர்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவு. இதைப் பதிபக்தியின் உச்சம் என்று எழுதியவர்கள் ஏராளம். இருக்கலாம். ஆனால் அடுத்து நடந்ததைக் கணக்கில் எடுக்காமல் அந்தப் புகழுரை நிறைவடையாது. 1935இல் வெளியான நந்தனார் படத்தில் நடிக்க அவர் கேட்டு வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். நாடே வியந்த தொகை அது. ஏற்ற வேடம் ஆண் வேடம்: நந்தனாரே அவர்தான். ஜோடி தேவையில்லாத கதை, யாரும் பேரம் பேச முடியாத விலை. பின்னாளில் ஔவையாராக வந்தார். காங்கிரஸ் மேடைகளில் பாடினார். சட்ட மேலவை உறுப்பினரானார்.

ஊர் அவர்மேல் போர்த்த விரும்பிய அதே உடையை அவர் வேலி போலச் சுற்றிக்கொண்டு, அதற்குள் தன் தொழிலைத் தன் நிபந்தனையில் நடத்தினார் என்றே நான் வாசிக்கிறேன். இன்னொரு வாசிப்புக்கும் இடம் உண்டு: அந்த விலையைக் கொடுத்தால்தான் தனியாக நிற்கவே விட்டார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். நல்ல நடிகை ஒருவருக்கு இதைவிடப் பெரிய வேடம் கிடைக்குமா? ஆனால் அவர் வாழ்க்கையைப் படமாக்க நினைப்பவர்கள் 1933இல், கிட்டப்பாவின் மரணத்தோடு, கண்ணீரில் முடிக்கவே ஆசைப்படுவார்கள் என்று பந்தயம் கட்டலாம். சம்பளம் பேசிய காட்சிதான் எனக்கு வேண்டும்.

அவர் நடிக்க வந்த காலத்தில் கொங்கு நாடே படத் தொழிலின் மையங்களில் ஒன்று. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இலேயே கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டியிருந்தார். சேலத்துப் படக் கம்பெனி மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படம் 1937இல் வந்தது. பெயர் சதி அகல்யா. வெளியே பெண்கள் ஆலைக்கு நடந்துகொண்டிருந்தபோது திரையில் பத்தினிகள் சாபத்துக்குக் கல்லானார்கள்.

அந்தப் பத்து ஆண்டுகள்

கைம்பெண் அல்ல, கொடுமைக்காரப் புருஷனிடம் சிக்கிய பெண் என்றால் நிலைமை இன்னும் இறுக்கம். மனைவி திரும்பி வர வேண்டும் என்று கணவன் வழக்குப் போடலாம். பம்பாயில் ருக்மாபாய்க்கு 1887இல் கணவனோடு போ அல்லது ஆறு மாதம் சிறைக்குப் போ என்று நீதிமன்றம் சொன்னது. சிறைக்கே போகிறேன் என்றார் அவர். சிறைத் தண்டனை 1923இல் நீங்கியது, வழக்கு நீங்கவில்லை. தீர்த்துவிடும் வழக்கம் இல்லாத சாதியில் பிறந்த இந்துப் பெண்ணுக்கு மணவிலக்கு என்ற ஒன்றே கிடையாது. ஓடிப்போவது என்றால் எப்போது வேண்டுமானாலும் சம்மன் வரும் என்ற அச்சத்தோடுதான் ஓட வேண்டும்.

இந்த முடிச்சுகள் எல்லாம் ஒரே பத்தாண்டில் அடுத்தடுத்து அவிழ்ந்தன. கணவன் இன்னொருத்தியைக் கட்டினாலோ கொடுமை செய்தாலோ மனைவி தனியாக வாழ்ந்துகொண்டு ஜீவனாம்சம் கேட்கலாம் என்ற சட்டம் 1946இல் வந்தது. விவசாய நிலத்தில் கைம்பெண்ணுக்குப் பங்கு 1947இல். இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்கை அனுமதிக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1949இல்; நாடு முழுமைக்குமான இந்துத் திருமணச் சட்டத்துக்கு ஆறு ஆண்டுகள் முன்பே. வாரிசுரிமைச் சட்டம் 1956இல். ஆகவேதான் 1946க்கும் 1956க்கும் இடைப்பட்ட காலமே இந்த வகைக் கதைக்கு ஏற்ற களம் என்கிறேன். அதற்கு முன்னால் வைத்தால் பெண் மோதுவதற்குச் சுவர் மட்டுமே இருக்கும். கதவு எங்கே என்று தேடும் சுவாரசியம் இருக்காது.

கதவுகள் எல்லாம் ஒழுங்காகத் திறந்தன என்றும் இல்லை. ஈரோட்டிலிருந்து 1925 முதல் வெளியான பெரியாரின் குடிஅரசு இதழ், பெண்ணின் மறுமணத்தையும் மணவிலக்கையும் சொத்துரிமையையும் பற்றி விடாமல் எழுதியது. அவர் அதற்கு முன்பே, சிறு வயதில் கைம்பெண்ணான தன் தங்கை மகளுக்கு உறவினர் எதிர்ப்பை மீறி மறுமணம் செய்துவைத்திருந்தார். புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் கொங்கில் நிறையவே நடந்தன. நம் கதாநாயகி 1950இல் அப்படியொரு மேடையில் மாலை மாற்றிக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். படம் அங்கே கைதட்டலோடு முடியும். ஆனால் 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், இத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவள் பிள்ளைக்குச் சொத்துக் கேட்டுப் போனால், உன் அம்மா மனைவியே இல்லை என்று பங்காளிகள் சொல்ல வழி பிறந்தது. அண்ணா ஆட்சிக்கு வந்து 1967இல் சட்டத்தைத் திருத்தி, முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லத்தக்கதாக்கும் வரை இந்தக் கத்தி தலைமேல் தொங்கியது. கைதட்டலுக்குப் பிந்திய அந்தப் பதினான்கு ஆண்டுகளில் ஒரு படத்துக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது.

மகள்களுக்கு வந்த பங்கும் காகிதத்தில் வந்த வேகத்தில் தோட்டத்துக்கு வரவில்லை. அப்பா இறந்ததும் அண்ணன் கார் வைத்துத் தங்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போவார். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்வார். திரும்பும் வழியில் ஒரு பட்டுப்புடவை எடுத்துத் தருவார். அவள் கையெழுத்துத் தராவிட்டால் பிறந்த வீட்டுப் படி ஏற முடியாது, பொங்கச் சீர் வராது, பிள்ளை காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி கிடைக்காது. பட்டுப்புடவை நடைமுறை இன்றைக்கும் மறைந்துவிடவில்லை.

நானே ஒரு கதைக்கு ஆண்டு குறித்துக் கொடுக்க வேண்டும் என்றால், 1940இல் தொடங்கச் சொல்வேன். காங்கேயத்துக்குப் பக்கத்தில் பதினெட்டு வயதில் ஒருத்தி கணவனை இழக்கிறாள். விவசாய நிலத்துக்கு 1937ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. கூட்டுக் குடும்பத்தில் பங்கில்லை. பஞ்சாயத்துப் பேசி, ஜீவனாம்சத்துக்குப் பதிலாக நான்கு ஏக்கரும் ஒரு கிணற்றில் பாதியும் ஆயுள் வரை அனுபவிக்க விடுகிறார்கள். அவளுக்கு ஒருவனைப் பிடிக்கிறது. அவனைக் கட்டிக்கொண்டால் நிலம் போய்விடும். கட்டிக்கொள்ளாமல் பழகினால் ஒழுக்கத்தைக் காட்டி நிலத்தைப் பிடுங்குவார்கள். இரண்டையும் செய்யாமல் அவள் தோட்டம் பார்க்கிறாள். மின்சாரம் வருகிறது, மோட்டார் வைக்கிறாள், கடன் அடைக்கிறாள். அவன் கோவையில் ஆலை வேலைக்குப் போகிறான், சங்கத்தில் சேருகிறான், எப்போதாவது ஊருக்கு வருகிறான். 1956 ஜூன் 17 அன்று இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வருகிறது. ஜீவனாம்சத்துக்குப் பதிலாகப் பெற்று ஒரு பெண் கையில் வைத்திருக்கும் நிலம் இனி அவளுக்கு முழுச் சொந்தம் என்கிறது அதன் பதினான்காவது பிரிவு. ஆயுள் வரைக்கும்தானே எழுதியிருக்கிறது என்று கொழுந்தன் பழைய காகிதத்தை நீட்டுவான், வழக்குப் போடுவான்; அந்த வாதம் எடுபடாது என்று உச்ச நீதிமன்றம் துளசம்மா வழக்கில் தெளிவாகச் சொல்ல 1977 ஆனது. ஆனால் சட்டம் அவள் பக்கம் வந்துவிட்டது. மறுமணம் செய்துகொண்டாலும் இனி நிலம் போகாது.

அவளுக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. பதினாறு ஆண்டு வெயிலில் நின்ற முகம். இப்போதுதான் காதல் கதை தொடங்குகிறது என்று சொன்னால், எந்தத் தயாரிப்பாளர் காசு போடுவார் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியாது.